இருநூறு பெயர்கள் இருந்த கொப்பி

(முள்ளிவாய்க்கால் கடற்றொழிலாளர் சங்கத்தின் தட்டச்சாளர் ஆன்சலா அவர்களின் முப்பத்தோராம் நாள் இரங்கல் கூட்டத்தில் சுமித்திரா ஆற்றிய உரை. பங்குனி, 2000.)

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் லோறன்ஸ் ஐயா அவர்களே, ஆன்சலா அக்காவின் தங்கை சுசிலா அவர்களே, வாங்கில்களில் இருப்பவர்களே, யன்னலுக்கு வெளியே சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருப்பவர்களே! உங்களில் யார் அழ வந்தவர்கள், யார் கேட்க வந்தவர்கள், யார் கேட்டதைப் போய்ச் சொல்ல வந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்தின் முடிவில், அக்காவின் அச்சு அறைப் பூட்டின் திறப்பை லோறன்ஸ் ஐயா என்னிடம் தருவதாக இருக்கிறது. அக்காவின் வேலையை நான் தொடரவேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. அதற்கு முன் நான் ஒன்று சொல்லவேண்டும். கேட்ட பிறகு, தருவதா இல்லையா என்று யோசியுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவை 'எழுத்தாளர்களின் தாய்' என்றார்கள். 'வன்னியின் விளக்கு' என்றார்கள். அந்தப் பட்டங்களை நான் நம்பவில்லை. அக்காவும் நம்பியிருக்கமாட்டார். ஒரு கதையை 'அருமை' என்று யாராவது சொன்னால், "எந்த இடம் அருமை? பக்கத்தைச் சொல்லும்" என்பார். பக்கம் சொல்ல முடியாதவர் வாசிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே நான் பக்கம் சொல்கிறேன்.

ஆன்சலா அக்கா தட்டச்சாளர். எண்பத்து நான்காம் ஆண்டு கொக்கிளாயிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பம். சங்கத்தில் ஒரு றோணியோ மெசின் இருந்தது. கையால் சுற்றுவது. சுற்றறிக்கை அடிக்க வாங்கியது. வேலை முடிந்த பிறகு அதில் அக்கா எங்கள் புத்தகங்களை அடிக்க வைத்தார். தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை ஐந்து புத்தகம். ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அது முதல் புத்தகம்.

அடித்துத் தந்தார் என்று நான் சொல்லவில்லை. அடிக்க வைத்தார். தாளை நீரே தேடிக்கொண்டு வாரும். கைபிடியை நீரே சுற்றும். நீரே தையும். நீரே கொண்டுபோய் வில்லும். இதுதான் சட்டம். மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத காலத்தில் தாளுக்கு எங்கே போவது? பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் நான் எழுதிய குறிப்புகளின் பின்பக்கத்தில் என் ஆறு கதைகளும் அச்சாகின. விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்த மை. இன்றும் தொட்டால் விரலில் ஒட்டும்.

"அக்கா, ஒரு அணிந்துரை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டேன்.

"ஏன், என்ர கையைப் பிடிச்சுக்கொண்டோ உம்மட புத்தகம் றோட்டைக் கடக்கப்போகுது?"

எழுதவில்லை. ஒருவருக்கும் எழுதவில்லை. வெளியீட்டு விழாக்களில் மேடைக்கு வரவுமில்லை. தன் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். எங்கள் பெயர்களை மட்டும் எழுதினார்.

அந்த இடத்தில்தான் என் சந்தேகம் தொடங்கியது.

ஒவ்வொரு புத்தகத்திலும் நாற்பது பிரதி. ஒவ்வொரு பிரதிக்கும் இலக்கம். யார் வாங்கினார், எந்த ஊர் என்று நாங்கள் கேட்டு வந்து சொல்லவேண்டும். அக்கா ஒரு கொப்பியில் பதிவார். கூடவே வாங்குபவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்கச் சொல்வார். 'ஓடவேண்டி வந்தால் எதைத் தூக்குவீங்கள்?'

யோசித்துப் பாருங்கள்! பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் மனிதர்களிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? புத்தகம் வாங்கிய விமலேஸ்வரி ரீச்சர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, எங்களை ஊரைவிட்டு எழுப்பப்போறினமோ? உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ரீச்சர். சும்மா கேக்கிறன்."

"சும்மா ஆரும் இதைக் கேப்பினமே?"

கமக்காரர் ஆண்டியப்பன் மட்டும் சிரித்தார். "ஆட்டத்தான் தூக்குவேன். குட்டி போட்டிருக்கு. ஒங்க புஸ்தகத்த அது திங்காம விட்டுச்சின்னா அதையும் தூக்குறேன்."

அக்கா 'ஆடு' என்று எழுதிக்கொண்டார். சிலருடைய பெயருக்கு நேரே மட்டும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். ஆண்டியப்பனுக்கு வைக்கவில்லை.

ஏன் இலக்கம்? ஏன் பெயர்? ஏன் ஊர்? அந்தப் புள்ளி யாருக்காக? அந்தப் பக்கத்துக்கா, இந்தப் பக்கத்துக்கா? நாங்கள் வாழும் இந்த மண்ணில் சும்மா பெயர் எழுதுகிறவர் உண்டா? இத்தனை கேள்விகளையும் நான் பலரிடம் கேட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை.

என் அம்மாவிடமும் சொன்னேன். ராக்காயி. எழுபத்தேழு கலவரத்தில் மலைத் தோட்டத்திலிருந்து அடி வாங்கிக்கொண்டு பரந்தனுக்கு வந்தவர்.

"பிரஜாவுரிமைக்குன்னு ஒரு தடவ எழுதுனாங்க. கப்பலுக்குன்னு ஒரு தடவ எழுதுனாங்க. எழுதி எழுதியே ஒங்க மாமாவ இந்தியாவுக்கு ஏத்திட்டாங்க. பேரு எழுதுற எடத்துல நிக்காத தாயி."

தொண்ணூற்றாறு. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பின்னேரம் அக்கா சிலுவைப்பாதைக்குப் புறப்பட்டார். "பிள்ளை, தாளை அடுக்கி வையும். வாறன்."

அக்காவின் மேசை லாச்சி பூட்டியிருக்கவில்லை.

தாள் பாதி அடுக்கியபடி கிடந்தது. கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் காலை அம்மாவின் அடுப்பில் வைத்தேன். அம்மா ஊதினார். கஞ்சி கொதித்தது. ஐந்து புத்தகம். இருநூறு பெயர்.

ஆம்! நான்கு வருடமாக இந்தச் சங்கம் தேடிய கொப்பியை எரித்தவள் நான்.

சுசிலா அக்கா, தயவுசெய்து எழும்பாதீர்கள். இன்னும் இருக்கிறது.

றொனால்ட், மூன்றாம் வாங்கிலில் இருக்கிறீர்கள். 'அவா பேர் எடுக்கிறா, கவனம்' என்ற பேச்சு உங்களிடம் வந்ததல்லவா? என்னிடமிருந்துதான் வந்தது. அடுத்த கிழமை உங்கள் கையெழுத்துப் பிரதியை அக்காவிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனீர்கள். பாதி தட்டச்சு முடிந்திருந்தது. ஆறாவது புத்தகம். இன்று அது எங்கே?

அந்த ஆடி மாதம் சண்டை வந்து கிளிநொச்சி ஊரோடு எழும்பியது. பரந்தன் எழும்பியது. வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டு ஊர் ஆட்கள். நாங்களும் ஓடினோம். நான் அரிசி தூக்கினேன். அம்மா அண்டா தூக்கினார். என் புத்தகம் கூரை வளையில் செருகியபடியே நின்றுவிட்டது. வீடும் போனது.

அடுத்த வருடம் அக்காவிடம் வந்தேன். வெட்கமில்லாமல் கேட்டேன். "அக்கா, என்ர புத்தகம் ஒண்டாவது இருக்கோ?"

"கொப்பியைக் காணேல்லைப் பிள்ளை."

அவ்வளவுதான். என்னைப் பார்த்தார். நான் மெசினைப் பார்த்தேன். பிறகு அவராகவே சொன்னார்:

"கொக்கிளாயில நானும் கதை எழுதினனான். மூண்டு பேர் வாங்கி வாசிச்சவை. ஆரெண்டு நான் எழுதி வைக்கேல்லை. ஓடி வந்தாப்பிறகு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? அதுதான் இந்த முறை எழுதி வைச்சனான்."

அன்றுதான் தெரிந்தது. இலக்கம் எதற்கு என்று. ஊர் எதற்கு என்று. அந்தக் கேள்வி எதற்கு என்று. 'கடுதாசிகளைத் தூக்குவேன்' என்று சொன்னவர்களுக்கே புள்ளி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்!

அதன் பிறகு இரண்டு வருடம் அக்கா சைக்கிளில் திரிந்தார். ஞாபகத்தில் இருந்தவை முப்பத்து நான்கு பெயர்கள். மல்லாவி, ஸ்கந்தபுரம், மடுக் காட்டுக் கொட்டில்கள். கொட்டில் கொட்டிலாகப் போய், 'இலக்கம் போட்ட புத்தகம் இருக்கோ' என்று கேட்டார். அங்கேயும் மனிதர்கள் அவரைச் சந்தேகித்தார்கள். யார் இந்த மனுசி, யாருக்காகத் தேடுகிறாள் என்று. மலேரியா அங்கேதான் தொற்றியது. வந்தது, போனது, திரும்பி வந்தது. போன மாசி மாதம் வந்தது போகவில்லை.

கிடைத்தவை பதினொரு பிரதிகள். சிவப்புப் புள்ளிக்காரரில் பலர் புத்தகத்தை விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். என் புத்தகம் ஒன்றே ஒன்று கிடைத்தது. இலக்கம் இருபத்து மூன்று. ஆண்டியப்பனிடம். ஆட்டையும் தூக்கி, அதையும் தூக்கியிருந்தார். அக்காவின் கணக்குப் பிழையாகிப்போனது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

புத்தகத்தை என் கையில் தந்தபோது மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தாரும். கவனமா வையும். எரிஞ்சு போயிடும்."

தொலைந்துவிடும் என்று சொல்லவில்லை. நனைந்துவிடும் என்று சொல்லவில்லை. எரிந்துபோய்விடும் என்றார். தெரிந்துதான் சொன்னாரா? ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். அக்காவைக் கேட்க எனக்கு மூன்று வருடம் இருந்தது. அப்போதும் நான் கேட்கவில்லை.

இனி அக்காவின் வேலையைப் பற்றி.

லோறன்ஸ் ஐயா, திறப்பை என்னிடம் தரவேண்டாம். றொனால்டிடம் கொடுங்கள். றொனால்ட், உங்கள் கதைகளில் ஒன்றாவது ஞாபகத்தில் இருந்தால் எழுதுங்கள். சட்டம் உங்களுக்குத் தெரியும். கைபிடியை நீங்கள்தான் சுற்றவேண்டும். என்னை உள்ளே விட்டால், நான் தாள் அடுக்குவேன். அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போன வேலை அது. இன்னும் முடியவில்லை.

வாசலடி மேசையில் ஒரு புதுக் கொப்பி இருக்கிறது. பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அந்த ஐந்து புத்தகங்களில் ஏதாவது உங்களிடம் இருந்தால், இலக்கத்தை எழுதுங்கள். பெயரை எழுதுங்கள். ஊரை எழுதுங்கள். பெயர் வேண்டாம், இலக்கம் மட்டும் போதும் என்று நான் சொல்லப்போவதில்லை. பெயர் இல்லாவிட்டால் யாரிடம் வந்து கேட்பது?

நம்பமாட்டீர்கள். மேசையைச் சுற்றி விலகிப் போவீர்கள். நானாக இருந்தாலும் விலகித்தான் போவேன். ஆனால் போகிற போக்கில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், ஏன் எழுதுகிறாய் என்று.

முதல் வரி எழுதியாயிற்று.

இருபத்து மூன்று. சுமித்திரா, ராக்காயியின் மகள். பரந்தன். ஓடவேண்டி வந்தால் தூக்குவது: இந்தக் கொப்பி.