மொத க்யூ காலியா கீது

ஆகு நைனா, நில்லு, அந்த ஒயரப் புடுங்காத! இது லைட்டு ஸ்விட்ச்சு இல்ல, நெட்டு ஸ்விட்ச்சு. நம்ம வீட்டு நெட்டு மொத்தமும் இதுக்குள்ள பூந்துதான் வெளிய போவுது. திருப்பதி ஆபீசுல எனுக்கு இதான வேலை.

ஓ, உன் படம் சுத்திக்கினே கீதா? தறிக்கு லீவு வுட்டா காலைலேர்ந்து சண்டைப் படமா? நான்தான் அதக் கடைசில நிக்க வெச்சிக்கீறேன். மொறைக்காத, சொல்றேன்.

திருமலையில இன்னா பண்றாங்க? தர்ம தரிசனம் ஒரு க்யூ, டிக்கெட்டு ஒரு க்யூ, வி.ஐ.பி. தனி க்யூ. இதுலயும் அப்டிதான், எது முந்திப் போவணும்னு நான் சொல்லி வெக்கணும். மொதல்ல அம்மா வந்து என் சீரியலு முன்னாடி போவட்டும்னாங்க. தம்பி யோகேஷு அவன் கேமுன்னான், அது பாதி நெட்டத் துன்னுடுது. நீ தறி ஷெட்டு கேமரான்ன. நம்ம ஊரு ஜனமாச்சே, எங்க போனாலும் ஒரு சிபாரிசு லெட்டரு வாங்கியாந்து வி.ஐ.பி.யா பூந்துதான பழக்கம்! போவுது போன்னு எல்லாத்தையும் வி.ஐ.பி. ஆக்கிட்டேன். அவ்ளோதான், ஒண்ணும் நகரல. எல்லாரும் பல்லக்கு ஏறினா தூக்கறது யாரு?

இப்ப பிரிச்சிட்டேன். ஷெட்டு கேமரா ரெண்டாவது. அப்பறம் சீரியலு, கேமு. உன் சண்டை கடைசி.

இன்னா, மொத க்யூல யாருமே இல்லியா? அடேங்கப்பா, கண்ணு நல்லாத்தான் தெரியுது. காலியா இருந்தா உனுக்கின்னா, பின்னாடி கீறது தானா நகரும். அது வீடியோ காலுக்கு மட்டும்.

அக்கா துபாய்லேர்ந்து பேசறப்போ இன்னா ஆவுது? தொறந்த வாய் தொறந்தபடி நின்னு பூடுது. நீ போன வெச்சிட்டு ஷெட்டுக்குப் போயி கண்ணத் தொடச்சிக்கினு வருவ. கேட்டா, தறி தூசு வுழுந்துச்சும்ப. எனுக்குத் தெரியாதா நைனா? எனுக்கு ஐதராபாத் வேலை வந்தப்ப இன்னா சொன்ன? ஒருத்தி மூஞ்சி பொம்மையாட்டம் நிக்குது, ரேகா நீயும் போவாதம்மான்னு. ராத்திரிலாம் அழுதேன் தெரியுமா.

அதான், அம்மாவ சீரியலு போடச் சொல்லி, யோகேஷ கேம் ஆட வுட்டு, நீயும் படம் பாக்கறப்போ அக்காவக் கூப்ட்டேன். உன் படம் ஏன் சுத்துச்சுன்ற? அக்கா சிரிச்சிக்கினு இருந்தா. ஒரு தபா கூட நிக்கல.

அதனால... வேலைக்கு வரேன்னு ஐதராபாத்துக்குச் சொல்லிட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து அந்த க்யூல நானும் வருவேன், நீ போன எடுக்கணும், ஆங்.

இன்னா நைனா, கண்ணுல தூசா? தறிதான் இன்னிக்கி ஓடவே இல்லியே.