போகும்போது படுக்கை சீட்டு

— அந்த சாக்ஸ இப்பவே ஏம்பா மாட்டிக்கிட்டு உக்காந்திருக்க? விமானம் வெள்ளிக்கிழமைதானே?

— பழகிக்கிறேன் பாப்பா. என்ன பிடி பிடிக்குது! முட்டி வரைக்கும் இழுக்கறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. கால்ல ரத்தம் கட்டக்கூடாதுன்னு உங்க அண்ணன் அனுப்பியிருக்கான்.

— எங்க மருந்துக்கடையிலயே இருக்கு இது.

— இருக்கட்டுமே. இது பார்சல்ல வந்துதா இல்லையா? காலமெல்லாம் பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் நான். இப்ப படுத்துக்கிட்டே போகப்போறேன். ரைட்டு, போலாம்!

— விளையாடாதப்பா. ட்ராவல்ஸ் ஆபீஸ்லேர்ந்து நேரா வர்றேன்.

— வீல்சேர் உண்டாமா?

— உண்டு. வாசல்லேர்ந்து விமானத்துக்குள்ள வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவாங்க. நடுவுல இறங்கற ஊர்ல நீ தூங்கி எழுந்திரிக்க ஒரு ரூம். உப்பு கம்மியா சாப்பாடு. அப்பப்ப எழுந்து நடக்கணுமாம், தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணுமாம். மாத்திரை எல்லாம் கைப்பையில, டாக்டர் சீட்டோட.

— ராஜ உபசாரம்! உங்க அம்மா இருந்து பாத்திருக்கணும்.

— அம்மா செத்ததுக்கே அவன் வரலப்பா.

— லீவு கிடைக்கல அவனுக்கு.

— அதுக்கப்புறமும் இத்தனை வருஷமா கிடைக்கலையா?

— ஆரம்பிச்சிட்டியா.

— கேளு. உன் முட்டிவலிக்கு நான் குடுத்துக்கிட்டிருந்த மாத்திரைய ஏன் நிறுத்தச் சொன்னான்?

— உடம்புக்கு ஆகாதுன்னுதான். நல்லதுதானே?

— கிட்னிக்கு ஆகாதுப்பா. விமானம் ஏறப்போற வயசானவங்க எத்தனை பேர் எங்க கடைக்கு வர்றாங்க! வாந்தி மாத்திரை வாங்குவாங்க, சுகர் மாத்திரைய கூட ரெண்டு அட்டை வாங்கி வெச்சுக்குவாங்க. விமானத்துல போறதுக்காக உன்னை மாதிரி ஒரு நாள் முழுக்க மூத்திரத்தை கேன்ல பிடிச்சுக் குடுத்தவங்க யாரும் இல்ல. வயித்த ஸ்கேன் எடுத்தவங்களும் இல்ல.

— இன்சூரன்ஸ்காரன் கேப்பானாம். வயசாயிருச்சில்ல.

— நானும் அப்படித்தான் நம்பினேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு டிக்கெட்ட எடுத்துக் காட்டற வரைக்கும்.

— அதுல என்ன?

— போறதுக்குத்தான் படுக்கை. வர்றதுக்கு சாதா சீட்டு. ரெண்டு பேருக்கு நடுவுல. ரெண்டு ஊர்ல இறங்கி மாறணும். ரூம் இல்ல, வீல்சேர் இல்ல, உப்பு கம்மியான்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லி வெக்கல. ஏதோ தப்பு நடந்திருக்கு, நல்லா பாருங்கன்னு நான் சண்டையே போட்டேன். தப்பில்லக்கா, புக் பண்ண சார் அப்படித்தான் கேட்டாருன்னு சொல்லிட்டா.

— வர்றப்ப நமக்கென்ன அவசரம்? மெதுவா வந்தாப் போச்சு.

— அய்யோ அப்பா! உன்னை நோகாம கொண்டுபோய்ச் சேர்க்கறதோட அவன் கவலை முடிஞ்சுபோச்சு. நீ எப்படித் திரும்பி வந்தா அவனுக்கென்ன? அவனுக்கு கிட்னி போயிருச்சு. உன்னோடது வேணும். இங்கயே கேட்டா மாட்டேன்னுருவியோன்னு, அங்க வரவழைச்சுக் கேக்கப்போறான். இன்னுமா புரியல?

— கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்.

— கேக்கட்டும். எனக்கு வயிறு எரியுது. நாளைக்கு முதல் வேலையா இந்த டிக்கெட்ட ரத்து பண்றேன்.

— வேண்டாம்.

— நீ இப்படி ஏமாந்துபோய் உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல.

— ஏமாறல பாப்பா.

— என்னது?

— லேப்ல ரத்தம் எடுத்துச்சே ஒரு பொண்ணு, அது கேட்டுச்சு. யாருக்குக் குடுக்கப்போறீங்க தாத்தான்னு. எனக்கு ஒண்ணும் விளங்கல. அன்னிக்கு சாயங்காலம் அவன் வீடியோல வந்தப்பதான் மூஞ்சிய சரியாப் பாத்தேன். ஊதிக் கெடக்கு. கண்ணே தெரியல.

— தெரிஞ்சுமா சாக்ஸ் போட்டுப் பழகிக்கிட்டு இருக்க?

— பெத்தவன் இல்லையா. பஸ்ல நின்னுக்கிட்டே வான்னாலும் போயிருப்பேன். அப்பா, எனக்கு இப்படி ஆயிருச்சு, குடுக்கறியான்னு வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. அது எனக்கு வலிக்கத்தான் செய்யுது.

— அப்ப இப்பவே போன் போடு. எனக்கு எல்லாம் தெரியும்டான்னு சொல்லு.

— சொல்லிட்டா அப்புறம் எதுக்குப் பேசுவான்? முன்னல்லாம் ரெண்டு வார்த்தையில வெச்சுருவான். இப்ப தினமும் தூங்கினியாப்பா, சாப்பிட்டியாப்பான்னு கேக்கறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்கட்டுமே.

— நானும்தான் தினமும் கேக்கறேன்.

— எதை?

— சாப்பிட்டியாப்பான்னு. இந்த வீட்டுக்குள்ளயே நின்னு. அது உன் காதுல விழவே இல்லையா?

— விழுது பாப்பா. நீ கேக்கறதுல நியாயம் இருக்கு. நீ கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோ.

— எனக்குக் கோவம் இல்ல. பயமா இருக்கு. இந்த வயசுல வயித்தக் கிழிச்சுக்கிட்டு, தனியா, நடு சீட்டுல...

— வந்துருவேன். அழாத. அந்தக் கைக்கண்ணாடிய எடு.

— இப்ப எதுக்கு கண்ணாடி?

— அவன் அங்க வெச்சு தயங்கித் தயங்கிக் கேப்பான். எனக்கு அப்பதான் தெரியுதுன்னு அவன் நம்பணும். இல்லேன்னா அவனுக்கு அவமானமாப் போயிரும். நானும் தினமும் பாத்துப் பாத்து செஞ்சு பாக்கறேன், திடுக்கிடற மூஞ்சி மட்டும் வரவே மாட்டேங்குது. நீ அவனா இருந்து ஒரு தடவை கேளு பாப்பா.