நானூற்றுப் பதின்மூன்றாவது பொம்மை

எனக்குப் பொய் சொல்ல வராது. வாய் திறப்பதற்குள் காது சிவந்துவிடும். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் வாங்கி வந்த திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். "சரி, நாளைக்கே கடையில திருப்பிக் கொடுத்துடறேன்," என்றாள்.

விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் என் எதிரில் உட்கார்ந்து, நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்கு வசதி. காகிதம் காதைப் பார்க்காது.

முதலில் என் வேலை. உங்களில் ஒருவர் சட்டம் படித்தவர் என்பதால் விளக்கியே எழுதுகிறேன். தொலைநோக்கி எடுக்கும் படங்கள் ஆராய்ச்சியாளர்கள் கைக்குப் போகும் முன் என் கணினிக்கு வரும். அவற்றில் நான் சில பொய்க் கேலக்ஸிகளை, அதாவது வானத்தில் இல்லாத நட்சத்திரக் கூட்டங்களை, வைப்பேன். அரிசி நுனி அளவுக்கு ஒரு மங்கலான வெளிச்சம், அவ்வளவுதான். இது கள்ள வேலை இல்லை. சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை. நான் வைத்த நூறில் எண்பதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், வானத்தில் உண்மையாகவே இருப்பதிலும் இருபதைத் தவறவிடுகிறார்கள் என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. இந்தப் பொய்களுக்கு அலுவலகத்தில் பொம்மை என்று பெயர். எனக்குப் பொம்மைக்காரர் என்று பெயர். எந்தப் பொம்மை எங்கே இருக்கிறது என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும். தேடல் முடிந்து, எல்லோர் முன்னிலையிலும் பட்டியலைத் திறக்கும் நாள் வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. மனைவியிடம்கூட. அது விதி.

அந்த விதியை நான் மீறியதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி, கேலக்ஸிகள் எப்படி உருவாகி வளர்கின்றன என்று ஆராய்ந்தவள். பெரியது சின்னதை விழுங்கி வளர்கிறது. ஒரு வரியில் சொன்னால் இதுதான். அவள் தேடியது இதற்கு விலக்கான ஒன்றை. பெரிய கேலக்ஸியின் பக்கத்திலேயே இருந்தும் விழுங்கப்படாமல், பிறந்தபடியே இருக்கும் சின்னது ஒன்று. அது கிடைத்தால் எல்லாம் எப்படித் தொடங்கியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பாள்.

"விழுங்கறதுன்னா ஒரே வாயில இல்ல," என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். "முதல்ல சின்னதுகிட்ட இருக்கற வாயுவை உருவிக்கும். வாயு போச்சுன்னா அதுல புதுசா நட்சத்திரம் பிறக்காது. வெளியிலேர்ந்து பாத்தா அப்படியேதான் இருக்கும். தான் போயிட்டிருக்கோம்னு அதுக்கே தெரியாது." பிறகு ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டுவாள். "உன் பக்கத்துல நான் இருக்கற மாதிரி."

வேடிக்கைக்குச் சொன்னது.

நான்கு வருடம் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது கடல் தாண்டியிருந்த ஓர் ஆய்வகத்திலிருந்து அவளுக்கு வேலை வந்தது. மூன்று வருட வேலை. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீயும் வாயேன்," என்றாள்.

"அங்க எனக்கு என்ன வேலை?"

"பொம்மைக்கு எந்த ஊர்லயும் கிராக்கிதான்." நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள். "இங்க காலி வானத்தையே பாத்துக்கிட்டு நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்ன காரணம் காலி வானம். என்னைப் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை. காலி இடத்தை நிரப்புவது என் தொழில்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த பகுதியில், பெரிய கேலக்ஸி ஒன்றின் ஓரமாக ஒரு பொம்மை வைத்தேன். அதைக் கண்டுபிடிக்க அவளுடைய திறமை முழுவதும் வேண்டும்படி வைத்தேன். எளிதாக வைத்திருந்தால் அது அவளுக்கு அவமரியாதை. பட்டியலில் நானூற்றுப் பதின்மூன்றாவது வரியாக முறைப்படி எழுதவும் செய்தேன். வெள்ளிக்கிழமை கழியட்டும், பிறகு பட்டியலைத் திறக்கலாம், இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது எண்ணம்.

பதினோராம் நாள் அவள் என் அறைக்கு ஓடி வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. கதவைச் சாத்தினாள்.

"உன் பொம்மையா?"

"விதி," என்றேன்.

"விதியை விடு. காதைக் காட்டு."

கணினி அறைக் குளிருக்காகக் காது மூடக் குல்லாய் போட்டிருந்தேன். "நல்ல நேரம் பாத்து மாட்டியிருக்க," என்று சிரித்தாள். அவள் நேர்மையானவள். பட்டியலைத் திறந்து பார்க்காமல் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றாள். நேராகப் போய் எங்கள் தலைவரிடம் கேட்டு, புதன்கிழமையே திறக்க ஏற்பாடு செய்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து கடைசி வரியை நீக்கினேன். ஒரு விசை, ஒரு தடவை. நீங்கள் தேடுவது இதைத்தான் என்றால், மணி ஒன்று நாற்பது.

புதன்கிழமை தலைவர் எல்லோர் முன்னாலும் எண்களைப் படித்தார். நானூற்றுப் பன்னிரண்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவுதாம்மா. இது நம்ம பொம்மைக்காரன் வச்சது இல்ல. இதை வச்சவன் மேல இருக்கான்." எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். அன்று சாயங்காலமே அந்த வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். சின்ன கேலக்ஸிக்குக் குட்டி என்று பெயர் வைத்தாள்.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அலுவலகத்தில் எல்லோரும் "குட்டி சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள். ஒவ்வொரு புதிய படத்திலும் குட்டி அதே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், நான் அவளுக்கு முன்பே எழுந்து வேலையை முடித்துவிடுவேன். அவள் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "குட்டி எழுந்துட்டாளா?"

"எழுந்துட்டா," என்பேன். அது பொய் இல்லை. படத்தில் அவள் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் குளிக்கும்போது என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மூன்று வாரத்துக்குள் அறுவை செய்து எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் குட்டியின் ஒளியைப் பிரித்து வயதைச் சொல்லக்கூடிய பெரிய தொலைநோக்கி ஒன்றில் அவளுக்கு நான்கு இரவுகள் ஒதுக்கியிருந்தார்கள். தேதி இரண்டு மாதம் கழித்து. அறுவை முடிந்தால் அவ்வளவு உயரமான மலைக்குப் போக விட மாட்டார்கள். தவறவிட்டால் மறுபடியும் விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். பிறகு அடுத்த வருடம்தான்.

"குட்டி ஆயிரம் கோடி வருஷமா காத்துக்கிட்டிருக்கா," என்றாள். "நான் ரெண்டு மாசம் காக்க மாட்டேனா?"

அவளுடைய அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நான் சொன்னா சண்டைக்கு வரா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

"அவ ஆராய்ச்சியில நான் தலையிடறது இல்ல அக்கா."

"இது ஆராய்ச்சி இல்ல தம்பி. உயிரு."

"சொல்றேன்," என்றேன்.

அக்கா சொன்னது சரி. ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது: பொம்மை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருப்பாள். குணமானதும் விமானம் ஏறியிருப்பாள். கடல் தாண்டிய அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. வாரா வாரம் அவர்கள் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டையும் எடை போட்டேன். கட்டி சின்னதாகத்தான் இருந்தது.

அந்தப் பெரிய தொலைநோக்கியில் என் கை போகாது. முதல் இரண்டு இரவு மேகம். அடுத்த இரண்டு இரவு வானம் துல்லியம், குட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"ரொம்ப மங்கல். அவ்வளவுதான்," என்றாள். "இன்னும் கொஞ்சம் நேரம் கிடைச்சா பிடிச்சிடுவேன். இல்லையா?"

"உனக்குத் தெரியாததா," என்றேன்.

தலைவர் தனக்கு ஒதுக்கியிருந்த இரண்டு இரவுகளை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல மனிதர். அதில் இன்னும் ஒன்றரை மாதம் போயிற்று. மறுபடியும் ஒன்றும் இல்லை. கடைசியில் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது அவர் படங்களை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"வேலை இருந்தது டாக்டர்," என்றேன்.

கடைசி வாரம் குட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். நல்ல தாளில் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குட்டி நிஜமாவே இருக்கா, இல்ல?"

"இருக்கா."

குட்டி விஷயத்தில் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். பட்டியல் திறந்து முடிந்துவிட்டதால், விதி என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை. அவள் கையைத் தூக்கி என் காதைத் தொட்டாள். அவளுக்குக் கை தூக்குவது பெரிய வேலை.

"சூடா இருக்கு," என்றாள்.

படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன் பிறகு இரண்டு நாள் இருந்தாள். பேசவில்லை. அந்தப் பக்கம் படுத்தால் வலி குறைவாக இருந்திருக்கும். காதைப் பற்றியும் நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவள் கை சில்லிட்டிருந்தது. சில்லிட்ட கைக்கு எதுவும் சூடாகத்தான் தெரியும்.

அவள் போன பிறகு குட்டியை வைப்பதை நிறுத்திவிட்டேன். தேவை இல்லையே. ஒரு வாரம் கழித்து அந்தப் பகுதியின் புதிய படம் வந்தது. திறந்து பார்த்தேன். அந்த இடம் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போனேன். குளியலறையில் அவள் துண்டு அப்படியே மாட்டியிருந்தது. படுக்கையில் அவள் பக்கத்திலிருந்து, குட்டி எழுந்துட்டாளா என்று கேட்டது. கேட்டது என்றுதான் எழுத முடியும். விடிவதற்குள் அலுவலகம் போய்க் குட்டியை வைத்தேன். அதிலிருந்து ஒரு வாரமும் தவறவில்லை. இதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வீர்கள்? பார்ப்பதற்கு யாரும் இல்லை.

நீங்கள் என்னைப் பிடித்ததும் அதனால்தான். ஆராய்ச்சி செய்தவளே இல்லை, வானத்தின் அந்த மூலையைப் பார்ப்பார் இல்லை, அப்படியிருக்க வாரம் ஒரு முறை அதில் கை வைப்பது யார் என்று கணினிப் பதிவைப் பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நேற்று நான்கு மணி நேரம் விசாரித்தீர்கள். படங்களைப் பற்றி மட்டும் கேட்டீர்கள். எந்தப் படம், எந்தத் தேதி, யாருக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். அவளைக் கொன்றது நான்தானா என்று நீங்கள் கேட்கவில்லை. அவளுடைய அக்காவும் கேட்கவில்லை. அவர் குட்டியின் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் காரணத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொம்மையை நான் வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வெள்ளிக்கிழமையே அவள் சரி என்று எழுதியிருப்பாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். இந்த வீட்டில் நான் தனியாக இருந்திருப்பேன்.