சில்லென்ற கை

திருமங்கலம் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கனவில் பேசுவதுபோலச் சொன்னாள்:

"டாக்டர் கை சில்லுன்னு இருந்துச்சு மதினி."

"அதுல என்ன அதிசயம்?"

"போன தடவ வயித்துவலின்னு போனப்ப எந்தத் தெருன்னு கேட்டாரு. காலனின்னதும் நீட்டுன கைய இழுத்துக்கிட்டாரு. தள்ளி நின்னே கேஸ் மாத்திரை எழுதிட்டாரு. பாத்துக்கிட்டிருந்த நர்சம்மா ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டியில சொல்லிட்டாக. எல்லாரையும் ஒண்ணுபோலப் பாக்குறாகளான்னு விசாரிக்கிற கமிட்டியாம். என்னைய உக்கார வச்சு, உனக்கு என்ன செய்யணும்னு கேட்டாக."

"மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்கணும்."

"வயித்தத் தொட்டுப் பாக்கச் சொன்னேன்."

வெளியே கண்மாய்த் தண்ணீர் வெயிலைச் சுமந்துகொண்டு பஸ்ஸோடு கூடவே வந்தது. மரங்கள் மெல்ல நழுவின. அவள் வயிற்றின் மேல் கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத் தொட்டாரா?"

"அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. அப்புறம் சீட்டுல எழுதி நர்சம்மாகிட்டக் குடுத்துட்டாரு. கட்டி மாதிரி தட்டுப்படுது, நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும்னு நர்சம்மாதான் சொன்னாக."

"அடி ஆத்தீ! திடீர்னு கட்டி எங்கிட்டிருந்து வந்துச்சு?"

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"போன தடவயும் அங்கனதான் இருந்துச்சு மதினி."