கதவா பாத்ரூமா

— மறுபடியும் சொல்லுதேன் குமாரவேல் அண்ணாச்சி, ஒங்க கையில இருக்கத வச்சி தேக்குக் கதவு, உள்ளுக்குள்ள பாத்ரூம் ரெண்டும் வராது. ஒண்ணச் சொல்லுங்க.

— கதவுதான், ஜெஸ்வின் தம்பி. வூடு கட்டிக் குடுக்கறவன் நீ, அதுல மட்டும் கை வெக்காத.

— இந்தாய்யா, பேஜாரு பண்ணாத. நீ கதவத் தொறந்து காத்து வாங்குவ, நானு மழையில குடை புடிச்சிகினு வெளிய ஓடணுமா? வாடகை வூட்ல வரிசையில நின்னது பத்தாதா?

— அக்கா சொல்லுதது நியாயம். எர்ணாவூர் மனை பள்ளம்லா? மண்ணு ரொப்பி ஒசத்தலன்னா மொத மழைக்கே தண்ணி உள்ள வந்துரும். அதுல கொறைக்க முடியாது. கம்பி வெலை ஏறும், அதுக்குன்னு கொஞ்சம் தொடாம வைக்கணும். மிச்சத்துலதான் ஆசைப்படணும், பாத்துக்கிடுங்க.

— உனுக்கு எங்க பழைய வூடு தெரியாது தம்பி. திருவொத்தியூர்ல, கடலுக்கு எதிர்ல. பழைய கப்பல் மரத்த ஏலத்துல எடுத்து எங்கப்பாவே இழைச்ச கதவு அது. நடுவுல ஒரு வஞ்சிரம் மீனு செதுக்கி வெச்சாரு. கடல்லேர்ந்து வந்தா ஈரக் கையால ரெண்டு தட்டு தட்டுவாரு. அந்தச் சத்தம் கேட்டாதான் எங்கம்மா அடுப்புப் பத்த வெக்கும்.

— எனுக்கும் ஞாபகம் கீது. அந்தக் கதவுக்கு மஞ்சா பூசித்தான என்னை உள்ள இட்டாந்தாங்க.

— வூட்டக் கடல் எடுத்துச்சே, அதோட கதவும் போச்சி. நானு ஊர்லயே இல்ல.

— எப்டி இருப்ப? மங்களூர்ல மீன்புடி போட்டுக்குப் போறேன்னு போயி குடிச்சிகினு கெடந்த. அதுக்கு முன்னாடியே வலைய வித்த, இஞ்சின வித்த, என் கொலுச வித்த.

— அதான் வுட்டுட்டேன் இல்ல, கன்னிமா.

— வுட்ட. இல்லன்னு சொல்லல. அதனாலதான் இன்னிக்கு மனை வாங்கிக்கீறோம்.

— அந்த மாதிரி ஒரு கதவு இருந்தா எங்கப்பா வூட்டுக்குள்ள போற மாதிரி இருக்கும். அவ்ளோதான் எனுக்கு. சரி வுடு. நீ நின்ன வரிசை போதும். தம்பி, தேக்குக் கதவ கணக்குலேர்ந்து அடிச்சிட்டு பாத்ரூமப் போடு.

— சரி அண்ணாச்சி. வாசலுக்கு சாதாக் கதவா எழுதிக்கிடுதேன்.

— அதுவும் வேணாம் ஜெஸ்வினு. அதுக்குப் பதிலா எனுக்கு மீன் வெட்ற பலகை ஒண்ணு எழுது.

— என்னக்கா, காசிமேட்டுல ஒங்க கடையில தகரம் அடிச்ச பலகை கெடக்குல்லா?

— ஆமா, அதுக்கு இன்னா கொறச்சல் கன்னிமா? நல்லாதான கீது.

— நல்லாதான் கீது. வூடு வுழறதுக்கு முந்தின நாளு நானும் என் தங்கச்சி ரேகாவும் கழட்டித் தூக்கியாந்தோம். உன் கண்ணுல பட்டா அதையும் வித்துடுவன்னுதான் மேல தகரத்த அடிச்சேன். நாளைக்கு வந்து பேத்துப் பாருய்யா, உங்கப்பா செதுக்கின வஞ்சிரம் அதுக்கடியிலதான் கீது.