அனுப்புநர் சொர்ணத்தாய்

சொர்ணத்தாய்: மெதுவாச் சொல்லுங்க. “கண்ணீரை” வரைக்கும் எழுதிட்டேன். யாரு கண்ணீரு?

பூவனநாதன்: “கரிசல் மண்ணின் கண்ணீரை, மத்திய மந்திரி அவர்களின் பொற்பாதங்களில் சமர்ப்பித்து...”

சொர்ணத்தாய்: மண்ணு அழுவுதா?

பூவனநாதன்: அலங்காரம்ட்டி அது.

சொர்ணத்தாய்: நம்ம பசுவந்தனைக் காட்டுல ஈரமே கெடையாது. கண்ணீரு எங்கனருந்து வரும்? மந்திரி படிச்சிட்டு, அந்தப் பக்கம் நல்ல தண்ணி வசதி போலன்னு நெனச்சுக்கிடுவாரு.

பூவனநாதன்: நீ எழுதுட்டி. குறுக்க பேசாத.

சொர்ணத்தாய்: அது என்ன பொற்பாதம்? கத்திரிக்கா வேண்டாம்னு சொல்லதுக்கு எதுக்குக் கால்ல விழணும்?

பூவனநாதன்: சரி, பொற்பாதத்த அடி. “மேலான பார்வைக்கு”ன்னு போட்டுக்கோ.

சொர்ணத்தாய்: அடிச்சா அசிங்கமா இருக்கும். வேற தாளு எடுக்கேன்.

பூவனநாதன்: தாளு மரத்துல காய்க்குதுன்னு நெனப்பு உனக்கு. நேத்து எழுதுனதும் அடிச்சு அடிச்சே வீணாப் போச்சு... சரி, எழுது. தேதி, 2010 ஜனவரி. நாள நான் பெறவு போட்டுக்கிடுதேன். “ஐயா, மரபணு மாற்றப்பட்ட கத்திரிக்காயை எங்கள் உணவுத் தட்டில் திணிக்கும் முயற்சியை, நாள்தோறும் கத்திரிக்காயை உண்டு வாழும் எளிய குடும்பத்தினராகிய நாங்கள்...” என்ன, நிறுத்திட்ட? மை தீந்துட்டா?

சொர்ணத்தாய்: மை இருக்கு. பொய்தான் எழுத வரல. கத்திரிக்கா தின்னா உங்களுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போகும். கல்யாணமான புதுசுல எண்ணெய்க் கத்திரிக்கா வச்சேன்னு, “என்னயக் கொல்லப் பாத்துட்டா”ன்னு எங்க அய்யாவரைக்கும் பஞ்சாயத்து போச்சு. அதுக்குப் பெறவு நம்ம அடுப்புல கத்திரிக்கா ஏறுனதே இல்ல.

பூவனநாதன்: அது நாட்டுக் கத்திரிக்கா. அதுக்கே இந்தப் பாடுன்னா, மரபணு மாத்துனது என்ன செய்யும்? இதையும் ஒரு வரி சேத்துக்கோ.

சொர்ணத்தாய்: எத? நீங்க சொறியதயா?

பூவனநாதன்: “ஒவ்வாமை”ன்னு எழுதணும்.

சொர்ணத்தாய்: மரபணுன்னா என்னன்னு மந்திரிக்குத் தெரியும். எழுதுற எனக்குத் தெரியாண்டாமா?

பூவனநாதன்: அது ஒண்ணுமில்ல... ஒரு கிருமியோட குணத்த எடுத்து விதைக்குள்ள சொருகிருதான். காய்ப்புழு வந்து கடிச்சா, புழு செத்துரும்.

சொர்ணத்தாய்: நாம கடிச்சா?

பூவனநாதன்: ஒண்ணும் செய்யாதுங்கான்.

சொர்ணத்தாய்: செய்யுமா, செய்யாதா?

பூவனநாதன்: அது... முழுசாத் தெரியாது. அதத்தான கேக்கோம். சரியாத் தெரியாம எங்களுக்கு எதுக்குக் குடுக்கீங்கன்னு கேக்கோம்.

சொர்ணத்தாய்: இது நல்லாருக்கு. “சரியாகத் தெரியாமல் எங்களை ஏன் தின்ன வைக்கிறீர்கள்?” எழுதிட்டேன்.

பூவனநாதன்: “தின்ன”ன்னா எழுதுன? “உண்ண”ன்னு மாத்து. மந்திரி படிக்கது.

சொர்ணத்தாய்: மந்திரி உண்ணட்டும். நாம திங்கோம். சரி, இன்னொண்ணு. சந்தையில ரெண்டு கத்திரிக்காயும் ஒரே நெறத்துல பக்கத்துல பக்கத்துல கெடந்தா, எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?

பூவனநாதன்: கண்டுபிடிக்க ஏலாது.

சொர்ணத்தாய்: அப்ப வேண்டாம்னு ஒதுக்கவும் ஏலாது?

பூவனநாதன்: ஏலாது. இத எழுது, இத எழுது! “எது எதுவென்று அறியும் உரிமை...” நான் சொல்லணும்னு இருந்தேன், நீ முந்திக்கிட்ட.

சொர்ணத்தாய்: ஆமா, தொண்டையிலதான் நின்னுச்சு. இதோட முடிஞ்சுதா?

பூவனநாதன்: எங்கட்டு முடிய? மதுரை விவசாயிகள் சங்கத்துல ஆளுக்குப் பத்துக் கடிதம் கேட்டிருக்காவ. அந்த விதைய விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணதுக்கு முன்னாடி மந்திரி ஜனங்க கருத்தக் கேக்காரு. ஒரே ஆளு பத்து போட்டா ஒண்ணுன்னுதான் எண்ணுவாவளாம். அதனால இத நம்ம தெரு உச்சிமாகாளி பேருல ஒண்ணு, சுடலைமாடன் பேருல ஒண்ணுன்னு பாத்து எழுதிக்கிடலாம்.

சொர்ணத்தாய்: சாமியெல்லாம் லெட்டர் போட ஆரம்பிச்சிட்டுன்னு டெல்லியில பயந்துறப் போறாவ. அதுலயும் சுடலைமாடன் செத்துல்லா போனான்?

பூவனநாதன்: உயிரோட இருந்தப்ப அவனுக்கு எதிர்ப்பு இருந்துச்சுல்லா?

சொர்ணத்தாய்: இருந்துச்சு. பொண்டாட்டி மேல.

ஜெயபாண்டி: அக்கா... எக்கா! கதவ ஏன் சாத்தி வச்சிருக்கீங்க? உள்ள வெடி கிடி செய்யுதீங்களா?

சொர்ணத்தாய்: வாலே ஜெயபாண்டி. கூடப் பொறந்த தம்பிக்குத் தெரியாம என்ன? உங்க அத்தான் டெல்லியத் தாக்குதாரு. நான் குண்டு எடுத்துக் குடுக்கேன்.

பூவனநாதன்: வா ஜெயபாண்டி. தூக்குச்சட்டியில என்ன?

ஜெயபாண்டி: பருத்திப்பாலு அத்தான். பஸ் ஸ்டாண்டுகிட்ட சூடா எறக்குனான். உங்க மவ யோகலட்சுமிக்குப் பிடிக்குமேன்னு வாங்குனேன்.

சொர்ணத்தாய்: அவ கம்ப்யூட்டர் சென்டர்லருந்து வர நேரமாகும். அவளுக்குக் கொஞ்சம் வச்சிட்டு ஊத்து.

பூவனநாதன்: ஆகா... சுக்கும் கருப்பட்டியும் என்னமா சேந்திருக்கு! சொர்ணம், பேனாவ எடு. “பருத்திப்பால் குடித்து வளர்ந்த இந்தக் கரிசல் மண்ணின் மக்கள், ஒருபோதும் மரபணு மாற்றத்துக்கு வாய் திறக்க மாட்டார்கள்...”

ஜெயபாண்டி: அத்தான், அத மட்டும் சேக்காதீங்க.

பூவனநாதன்: ஏன்? அதுதான் உயிரான வரி.

ஜெயபாண்டி: பருத்திக்கொட்டைய ஆட்டித்தான பால் எடுக்கான்? இப்ப எந்தக் காட்டுல நாட்டுப் பருத்தி நிக்கி? அம்புட்டும் கம்பெனி விதை. உங்க காட்டக் குத்தகைக்கு எடுத்திருக்க கருத்தையா வேற என்ன போட்டிருக்கான்? நீங்க வேண்டாம்னு சொல்லுத அந்த மரபணு, உங்க தொண்டைக்குள்ள எறங்கிக்கிட்டு இருக்கு.

சொர்ணத்தாய்: என்ன, தம்ளரக் கீழ வச்சிட்டீங்க?

பூவனநாதன்: சூடா இருக்கு.

சொர்ணத்தாய்: இப்பத்தான் சுட்டுதாக்கும்.

பூவனநாதன்: ஏட்டி, அது வேற, இது வேற. அது பருத்தி. நாம கத்திரிக்காய்க்கு எதிராத்தான எழுதுதோம்?

ஜெயபாண்டி: அப்ப இன்னொரு தம்ளரு ஊத்தவா?

பூவனநாதன்: ...அரைத் தம்ளரு.

சொர்ணத்தாய்: “வாய் திறக்க மாட்டார்கள்” எழுதவா, வேண்டாமா?

பூவனநாதன்: விடு, அது கெடக்கட்டும். ஏலே ஜெயபாண்டி, விருதுநகர்க்காரவிய ஞாயித்துக்கெழம யோகலட்சுமியப் பொண்ணு பாக்க வாராவளே, எத்தன மணிக்குன்னாவ?

ஜெயபாண்டி: அது... வருவாவ... எக்கா, கருப்பட்டி கொஞ்சம் கூடிட்டோ?

சொர்ணத்தாய்: சரியாத்தான் இருக்கு.

பூவனநாதன்: எத்தன மணிக்குன்னு கேட்டேன். சம்பந்தம் பேசிவிட்டவன் நீதான?

ஜெயபாண்டி: போன் பண்ணுதோம்னிருக்காவ அத்தான். மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி.

பூவனநாதன்: என்ன வேலைன்னு சொன்ன? மறந்துபோச்சு.

ஜெயபாண்டி: ஆராய்ச்சி.

பூவனநாதன்: என்ன ஆராய்ச்சி?

சொர்ணத்தாய்: விவசாயந்தான். அன்னைக்கே சொன்னோம்லா? அடுத்த வரியச் சொல்லுங்க, எனக்கு ஒல வைக்கணும்.

பூவனநாதன்: அடுத்த வரி இல்ல. “இப்படிக்கு”ன்னு போடு.

சொர்ணத்தாய்: “இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, க. பூவ...”

பூவனநாதன்: பொறு, பொறு! எழுதிட்டியா?

சொர்ணத்தாய்: இல்ல, வாயாலதான் சொன்னேன்.

பூவனநாதன்: உன் பேரப் போடு. அனுப்புநர்லயும் உன் பேரையே போட்டுரு.

சொர்ணத்தாய்: என் பேரா?

பூவனநாதன்: இந்த மாதிரி விசயத்துல பெண்கள் குரல் ஒலிக்கணும்ட்டி. கத்திரிக்காய நறுக்குறது யாரு?

சொர்ணத்தாய்: நான் நறுக்குறதே இல்லன்னு இப்பத்தான சொன்னேன்.

பூவனநாதன்: பொதுவாச் சொல்லுதேன்.

சொர்ணத்தாய்: தெருக்குழாயில தண்ணி வரலன்னு மனுக் குடுத்தப்ப பெண்கள் குரல் எங்க போச்சு? கொடத்தத் தூக்கிக்கிட்டு வெயில்ல நின்னது நாங்க. மனுவுல மேலயும் உங்க பேரு, கீழயும் உங்க பேரு. ரேஷன் கார்டுல என்னயச் சொர்ணதாசுன்னு ஆம்பளையாக்கி வச்சிருக்கான். அதத் திருத்த ஒரு மனு எழுதித் தாங்கன்னா உங்களுக்கு நேரம் இல்ல. இன்னைக்கு மட்டும் என் குரலு இனிக்குதோ?

ஜெயபாண்டி: எக்கா, அத்தான் சொல்லதும் சரிதான். அவரு பேரு எங்கயும் தெரியாம இருந்தாத்தான்...

சொர்ணத்தாய்: நீ பாலக் குடிலே.

ஜெயபாண்டி: தீந்துட்டு.

சொர்ணத்தாய்: அப்ப சும்மா இரு. ஏங்க, உண்மையச் சொல்லுங்க. பேரு போடாம நீங்க ஒரு துண்டுத்தாளக்கூட வெளிய விட்டதில்ல. இன்னைக்கு என்ன திடீர்னு அடக்கம்?

பூவனநாதன்: ஒண்ணுமில்ல.

சொர்ணத்தாய்: அப்ப இந்தாங்க தாளு. உங்க கோழிக்கிறுக்கல்லயே எழுதி அனுப்புங்க.

பூவனநாதன்: சொர்ணம்... ஏய், ஒக்காரு. சொல்லுதேன். போன வாரம் நாகலாபுரம் போனேம்லா? அங்கன ஒரு விதைக் கம்பெனிக் கூட்டம். ஒருத்தன் மஞ்சத் தொப்பியப் போட்டுக்கிட்டு மைக்கப் பிடிச்சு, “இன்னைக்குப் பருத்தி, நாளைக்குக் கத்திரிக்கா, எங்க விதைக்கு மருந்தே அடிக்காண்டாம்”னு பேசுதான். நீங்க எனக்கு மாப்பிள்ளைன்னு போட்டோவுல காட்டுன அதே மூஞ்சி.

ஜெயபாண்டி: ஐயையோ.

பூவனநாதன்: ஆராய்ச்சியாம்லா, ஆராய்ச்சி! அக்காளும் தம்பியும் சேந்து எனக்குக் காது குத்திருக்கீங்க.

சொர்ணத்தாய்: தெரிஞ்சா வேண்டாம்னுருவீங்கன்னுதான்...

பூவனநாதன்: நான் ஏன் வேண்டாம்ங்கேன்? கைநிறையச் சம்பளம். குடி கெடையாது. மைக்குல வேற நல்லாப் பேசுதான். நான் வேப்பமரத்துக்குப் பின்னால மறைஞ்சு நின்னு முழுசாக் கேட்டேன்.

சொர்ணத்தாய்: கை தட்டுனீங்களா?

பூவனநாதன்: ...ஒரு தடவ. எல்லாரும் தட்டுனாவ. அத விடு. அவன் கம்பெனிக்கு எதிரா மாமனாரு பேருல டெல்லிக்குக் கடிதம் போச்சுன்னா, அவன் வேலை என்னாகும்? நம்ம புள்ள வாழ்க்க என்னாகும்? அதுக்காவ எழுதாமலும் இருக்க முடியல. மனசு கேக்கல.

சொர்ணத்தாய்: அதே கடிதம் என் பேருல போனா?

பூவனநாதன்: மாமியாரு பேர எவன்ட்டி கவனிக்கப் போறான்?

ஜெயபாண்டி: எக்கா, சொல்லிருங்க. இதுக்கு மேல என்னால ஏலாது.

பூவனநாதன்: எத?

சொர்ணத்தாய்: அவிய வரல.

பூவனநாதன்: ஞாயித்துக்கெழமயா? சரி, அடுத்த வாரம்...

சொர்ணத்தாய்: எந்தக் கெழமையும் வரல. நீங்க வேப்பமரத்துக்குப் பின்னால நிக்கதுக்கு முன்னாடியே வேண்டாம்னுட்டாவ.

பூவனநாதன்: ஏன்? யாரு என்ன சொன்னா?

ஜெயபாண்டி: யாரும் சொல்லல அத்தான். பொங்கலுக்கு முன்னாடி நீங்க கத்திரிக்காய மாலையாக் கோத்துப் போட்டுக்கிட்டு தாலுகா ஆபீஸ் வாசல்ல நின்னீங்கல்லா? பேப்பர்ல போட்டோ வந்துட்டு. கீழ பேரு, ஊரு எல்லாம் போட்டு. மாப்பிள்ளை ஆபீஸ்ல அத வெட்டிச் சுவத்துல ஒட்டி வச்சு, “உங்க மாமனாரு”ன்னு சிரிச்சிருக்கானுவ.

பூவனநாதன்: மூஞ்சி தெரிஞ்சுதா?

ஜெயபாண்டி: நல்லாத் தெரிஞ்சுது. கழுத்தச் சொறிஞ்சுக்கிட்டு நின்னீங்க.

பூவனநாதன்: ...யோகலட்சுமிக்குத் தெரியுமா?

சொர்ணத்தாய்: அவளுக்குத்தான் மொதல்ல தெரியும். அந்தப் பையனே போன் பண்ணியிருக்கான். “உங்க அப்பா இதையெல்லாம் நிறுத்துனா மேக்கொண்டு பேசலாம்”னானாம். இவ பதில் சொல்லாம போன வச்சிட்டா.

பூவனநாதன்: அழுதாளா?

சொர்ணத்தாய்: ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. வயித்து வலின்னா. நீங்கதான் ஓமத்தண்ணி வாங்கிட்டு வந்தீங்க.

பூவனநாதன்: அட பாவி... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா ரெண்டு பேரும்?

சொர்ணத்தாய்: நான் சொல்லத்தான் வந்தேன். அவதான் கையப் பிடிச்சு நிறுத்துனா. “அப்பாட்ட சொல்லிராதீங்கம்மா, எனக்காவ பயந்துபோய் கடிதத்துலருந்து பேர எடுத்துருவாரு”ன்னா. இந்தாங்க பேனா.