இரைச்சல் போகாத அறை

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள், ஐயா. மேடையில் அவர்களை யாரும் கவனிப்பதில்லை. நாலு தடித்த கம்பிகளை வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்று வாசித்துவிட்டு, கச்சேரி முடிந்ததும் ஸ்பீக்கர்களைத் தாங்களே தூக்கி வேனில் ஏற்றுவார்கள். வாசிப்பு நின்றுபோனால்தான், என்னமோ குறைகிறதே என்று கூட்டம் திரும்பிப் பார்க்கும். நானும் இருபது வருடம் மெல்லிசைக் குழுக்களில் அப்படி நின்றவன். எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. நீங்கள் கேட்டதை அவசரமில்லாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் குணசேகரன். வயது ஐம்பத்து நான்கு. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலிருந்து பிரிகிற சந்தில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது கடைக்கு மேலேயே. மனைவி திலகவதி தவறி நான்கு வருடம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. காலையில் விளக்கேற்றிவிட்டுக் கோயிலுக்குப் போவேன். திரும்பும் வழியில் சந்து நாய்களுக்கு இரண்டு பிஸ்கட் போடுவேன். கேட்டவர்களுக்குக் கையில் உள்ளதைச் செய்து கொடுத்தால் போதும், மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று இருக்கிறவன்.

வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. பேஸ் பழகுகிறவர்களும் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்களுமாக நூற்று முப்பத்தெட்டு பேர். எந்தக் கம்பி வாங்கலாம், மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழாமல் என்ன செய்யலாம் என்றெல்லாம் கேட்பார்கள். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிவிடுவேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது முழுவதும் அந்தக் குழுவுக்கு அனுப்பிய குரல் பதிவாகத்தான் இருக்கும்.

மாசி மாதம் அதில் ஒரு புதுக்குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். அரிமளத்துலேருந்து உடையப்பன் பேசுறேன். பேங்க்ல ரிட்டையர் ஆனவன். வீட்லயே முருகன் பாட்டு ஆறு ரெக்கார்ட் பண்ணலாம்னு எறங்கியிருக்கேன். பேஸ் கிட்டாரைச் சொருகுனாலே ஒரு எரைச்சல் வருதுங்க, வண்டு உள்ள பூந்துக்கிட்ட மாதிரி. என்ன பண்றது?"

அந்த இரைச்சலை நாங்கள் ஹம் என்போம். ஆலங்குடியில் மொபைல் கடை வைத்திருக்கும் அஜித் உடனே கேலி செய்தான். "ஐயா, ஹம்மு ஜி சுருதியிலதான் வரும். ஆறு பாட்டையும் ஜி-யிலயே போட்டுருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

குழு முழுக்கச் சிரிப்பு. உடையப்பன் அண்ணன் கொஞ்சம் கழித்துப் பதில் போட்டார். "நல்ல யோசனைதான் தம்பி. ஆனா முருகனுக்குத் தெரிஞ்சு போயிருமே."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு பஸ் ஏறி அரிமளம் போனேன்.

பெரிய வீடு, ஐயா. நீங்களும் பார்த்தீர்கள். பங்காளிகள் எல்லாம் சென்னையில். இவர் ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கி வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். ஆறு பாட்டும் இறந்துபோன அவர் மனைவி சீதை ஆச்சி ஒரு நோட்டில் எழுதி வைத்தவை. ராகம் போட்டது இவர். பின்கட்டில் ஒரு சாமான் அறையைக் காலி செய்து, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு முருகன் படம், அதன் முன் சின்ன விளக்கு. அந்த அறை வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். நானும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இரைச்சலின் காரணம் எனக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் அந்த அறை பிளக்கில் இருந்தது. ஆம்ப்ளிஃபையருக்குக் கூடத்திலிருந்து வேறொரு லைன் இழுத்திருந்தார். எர்த் இரண்டு இடத்திலிருந்து வந்தால் இப்படி இரையும். எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகினால் தீர்ந்தது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் காபியோடு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வாரா வாரம் வாங்க தம்பி. இங்கிட்டு எனக்குப் பேச ஆளே கெடையாது. காக்காய்கிட்ட பேசுனா அதுவும் சோத்தை எடுத்துக்கிட்டுப் பறந்துருது."

"இது லேசுல புடிபடாதுண்ணே," என்றேன். "ஒவ்வொண்ணாத்தான் பாத்துக்கிட்டு வரணும்."

அவ்வளவுதான் நான் சொன்னது. யோசித்துச் சொன்னதுகூட இல்லை.

அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஒரு வாரம் ஒயரை மாற்றினேன். ஒரு வாரம் கிட்டாரின் உட்புறம் செம்புத்தாள் ஒட்டினேன். எல்லாம் உண்மையான வேலைதான். இரைச்சல் கொஞ்சம் குறையும், அவர் முகம் மலரும், போய்விடாது. பிறகு சேர்ந்து சாப்பிடுவோம். அவர் கத்தரிக்காய் நன்றாகச் சமைப்பார். சாயந்திரம் இரண்டு பேரும் இரண்டு பேஸை வைத்துக்கொண்டு வாசிப்போம். இரண்டு பேஸ் மட்டும் சேர்ந்து வாசிப்பதை யாரும் காசு கொடுத்துக் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். மகள் மீனாக்ஷி தீபாவளி கழிந்து அவரைப் பெங்களூருக்கே கூட்டிப் போகப் போகிறாளாம்.

"ஒங்காத்தா பாட்டு ஆறையும் முடிக்காம நகர மாட்டேன்னு மககிட்ட சொல்லிப்புட்டேன் தம்பி. முடிச்ச அன்னைக்கே பெட்டியக் கட்டிருவேன்."

இரைச்சல் இருக்கிறவரை அவர் அரிமளத்தில் இருப்பார் என்று நான் புரிந்துகொண்டேன். அந்த வாரம் நிம்மதியாகத்தான் தூங்கினேன். அடுத்த வாரம் குழுவில் திருமயத்துப் பெண் சரண்யா எழுதினாள். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள், நல்ல காது. "அங்கிள், எல்லாத்தையும் ஒரே போர்டுல சொருகிப் பாத்தீங்களா? எர்த் ரெண்டு எடத்துலேருந்து வந்தா இப்படித்தான் எரையும்."

மாதக்கணக்கில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வரி. அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார். "அந்தப் புள்ள சொல்றது சரியா வருமா தம்பி?"

"பாப்பம்ணே. போர்டு நானே செஞ்சு கொண்டாறேன். வெளிய வாங்காதீங்க."

கடையில் உட்கார்ந்து செய்தேன். ஆறு சாக்கெட், தடித்த ஒயர், நல்ல மரப்பெட்டி. சிவப்பையும் கறுப்பையும் இறுக்கி முடுக்கினேன். எர்த்துக்கான பச்சை ஒயரை இணைக்காமல் உள்ளேயே மடித்து, நுனியில் டேப் சுற்றி, மேலே மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். ஆமாம், ஐயா. நீங்கள் போட்டோவில் காட்டியது அந்த ஒயர்தான். எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் போகாது, முன்னைவிடக் கூடும். கூடியது.

அண்ணன் குழுவில் எழுதினார்: "சரண்யா, நீ சொன்னபடியே செஞ்சேம்மா. போகல." அவள் விடவில்லை. "அப்படி இருக்காதே அங்கிள். அந்தப் போர்டை ஒரு தடவ தெறந்து பாக்கச் சொல்லுங்க." நான் பதில் போட்டேன்: "போர்டு நான் செஞ்சதும்மா."

அதன்பின் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு நாள் என்னிடம் உதவி வாங்கியவர்கள். சரண்யாவும் அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இதுவரை நான் செய்தது ஒரு சத்தத்தைப் போகவிடாமல் வைத்திருந்தது மட்டும்தான். அதைக் குற்றம் என்று நீங்களும் எழுத மாட்டீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அண்ணன் போனில், "கம்பியத் தொட்டா சுள்ளுன்னு கடிக்குது தம்பி. எறும்பு மாதிரி," என்றார். ஞாயிற்றுக்கிழமை போய், அவர் அடுப்படியில் இருந்தபோது ஆம்ப்ளிஃபையரின் இரும்பு உடம்பில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. பழைய டிரான்ஸ்பார்மர், உள்ளே கசிவு. இத்தனை காலமும் அந்தக் கசிவை எர்த் வாங்கித் தரைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அதற்குப் போக்கிடம் கிட்டார் கம்பியும், அதைத் தொடுகிற ஆளும்தான்.

நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பச்சை ஒயரை இணைக்க ஐந்து நிமிடம் ஆகும். இணைத்தால் கடிப்பது நிற்கும். இரைச்சலும் நிற்கும். ஒரே வாரத்தில் ஆறு பாட்டும் முடிந்துவிடும். நான் டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஈரக்காத்துண்ணே, அப்படித்தான் இருக்கும். ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு வாசிங்க, ஒண்ணும் பண்ணாது," என்றேன்.

சொன்னதோடு விட்டுவிடவில்லை. மழையோடு கடைவீதிக்குப் போய் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு வாங்கி வந்து கொடுத்தேன். நீல வார் வைத்தது. அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீதை போனதுக்கப்பறம் எனக்குன்னு ஒரு சாமான் யாரும் வாங்கியாந்ததில்ல குணா," என்றார். கூடத்திலேயே போட்டு நாலு எட்டு நடந்து காட்டினார். "பாரு, மாப்பிள்ள மாதிரி இல்ல?"

தீபாவளி வந்து போனது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பகலில் போன் செய்தார். குரலில் ஒரு உற்சாகம்.

"தம்பி, எரைச்சல் கெடக்கட்டும். அதோடயே பாடிர்றேன். அந்த அஜித் பய சொன்னானே, அது மாதிரி ஜி-யிலயே. முருகன் கோச்சுக்க மாட்டாரு. நாளைக்கு ஒக்காந்து ஆறையும் முடிச்சுருவேன். ஞாயித்துக்கெழம மீனாக்ஷி காரு கொண்டாருது. நீங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருங்க, கடைசியா ஒரு தடவ சேந்து வாசிச்சுருவோம்."

"நல்லதுண்ணே," என்றேன்.

இரைச்சலால் இனி ஒரு பயனும் இல்லை என்று அப்போது தெரிந்தது. பச்சை ஒயரைப் பற்றி அந்தப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நல்ல மழை. அந்த அறையின் தரை மழை நாளில் கசியும், மிதித்தால் பாதத்தின் அச்சு விழும். நான் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனேன். நாய்களுக்குப் பிஸ்கட் போட்டேன். பத்தரை மணிக்குக் குழுவில் ஒருவர் கம்பி துருப்பிடிக்காமலிருக்க என்ன செய்வது என்று கேட்டார். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லி விவரமாகப் பதில் போட்டேன். அண்ணன் உயிர் போனது பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள்.

துக்கத்துக்குப் போனபோது மீனாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு இங்க நீங்க ஒருத்தர்தான் தொணை மாமா. போன்ல பாதிப் பேச்சு ஒங்களப் பத்தித்தான் இருக்கும்." நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. சரண்யாவும் வந்திருந்தாள். நேராக அந்த அறைக்குப் போய், போர்டைக் கழற்றிப் போட்டோ எடுத்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முறையாகச் செய்திருக்கிறாள்.

கம்ப்யூட்டரில் இருந்த கடைசிப் பதிவை நேற்று எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். முதலில் நாற்காலி நகர்கிற சத்தம். பின்னால் சீராக இரைச்சல். பிறகு அவர் குரல்: "தம்பி சொல்லுச்சேன்னு செருப்பப் போட்டுட்டு வந்துட்டேன் முருகா. மனசு ஒப்பல. கழட்டிப்புடுறேன்." வாசல் பக்கம் இரண்டு சின்னச் சத்தம். திரும்பி நடந்து வருகிறார். பேஸில் ஒரே ஒரு சுரம். அதற்குப் பிறகு, பதிவு தானாக நிற்கிறவரை, நாற்பது நிமிடம் இரைச்சல் மட்டும்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பச்சை ஒயரை இணைக்காமல் விட்டது நான். கசிவு தெரிந்தும் சொல்லாதது நான். இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் அவர் போய்விடக் கூடாது என்று நினைத்தேனே தவிர, சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதனால்தான் மழையில் நனைந்துகொண்டு போய்ச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். கெடுதல் நினைக்கிறவன் அதைச் செய்வானா? அதை மறக்காமல் எழுதுங்கள்.

அவர் கால் அளவு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அதை நான் அவரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மாசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த அறை வாசலில் அவர் கழற்றி வைத்திருந்த செருப்புக்குப் பக்கத்தில்தானே நானும் என்னுடையதைக் கழற்றி வைத்தேன்.